பத்திரம் கையில் இருந்தும் போன வீடுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய தமிழ்க் குடும்பங்களின் தகரப் பெட்டியைக் கிளறினால் மூன்று தாள்கள் கிடைக்க வாய்ப்புண்டு: வீட்டுப் பத்திரத்தின் நகல், நகராட்சி வரி ரசீது, வீட்டுக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று வந்த ஒரு கடிதம். பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ரசீதைப் பேரன் படம் எடுத்து குடும்ப வாட்ஸாப்பில் போடுகிறான். மதிப்புக் கடிதம் பெட்டிக்கே திரும்பிப் போகிறது. எனக்குக் கேட்டால், மூன்றில் கவனமாகப் படிக்க வேண்டியது அந்தக் கடிதம்தான்.

"குரூப் ஏரியா வந்து எங்களைத் தூக்கிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லியே கதையைச் சுருக்கிவிட்டோம். குரூப் ஏரியா என்பது எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டம். புல்டோசர் வந்தது உண்மை. ஆனால் அது வந்தது கடைசி நாளில். அதற்கு முன் பல வருடங்கள் வேலை பார்த்தவை வரைபடமும் அறிவிக்கையும் விலைக் கணக்கும்.

வேர் 1950க்கு வெகு முன்னால் போகிறது. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா இருந்த டிரான்ஸ்வாலில் 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம் ஆசியர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. பிறகு வந்த திருத்தம், ஒதுக்கிய தெருக்களிலும் 'லொகேஷன்' என்ற தனிக் குடியிருப்புகளிலும் மட்டும் இருக்கலாம் என்றது. சொன்ன காரணம் சுகாதாரம். பக்கத்து ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் 1891இல் இந்தியர் குடியிருக்கவே கூடாது என்று கதவைச் சாத்தியது. அந்தக் கதவு 1986 வரை திறக்கவில்லை. டர்பன் இருக்கும் நேட்டாலின் கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. 1911க்குள் 1,52,184 பேர் வந்தார்கள். கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறித் தோட்டம் போட்டு, வாழை வைத்து, காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள். அங்கே நிலம் வாங்கத் தடை இல்லை. அதனால்தான் டர்பனில் தமிழர் பெயரில் இத்தனை பத்திரங்கள், அதனால்தான் அவற்றைப் பறிக்க இத்தனை சட்டங்கள்.

டர்பன் நகராட்சி 1922இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு மாகாண ஆணை ஒன்று, நகராட்சி தன் நிலத்தை விற்கும்போது எந்த இனத்தார் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுத இடம் கொடுத்தது. 1940களின் தொடக்கத்தில், வெள்ளையர் பகுதிக்குள் இந்தியர் 'ஊடுருவுகிறார்கள்' என்ற கூச்சலை விசாரிக்க நீதிபதி புரூம் தலைமையில் குழு போட்டார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை என்றது முதல் அறிக்கை. விடவில்லை, மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். இரண்டாவது அறிக்கை வந்த கையோடு 1943இல் 'பெக்கிங் ஆக்ட்' வந்தது. டர்பனில் இந்தியருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான நிலக் கைமாற்றத்தை மூன்று வருடத்துக்கு இருந்த இடத்திலேயே முளையடித்து நிறுத்திய சட்டம்.

1946இல் அதை நிரந்தரமாக்கினார்கள். மக்கள் வைத்த பெயர் 'கெட்டோ சட்டம்'. அதை எதிர்த்து இந்தியர்கள் ஜூன் 13 அன்று டர்பனில் உம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த காலி நகராட்சி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். டாக்டர் மான்டி நாயக்கர் சிறை போனார், டாக்டர் கூனம் சிறை போனார். இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 2,000 பேர். ஒரு காலி மனையில் உட்கார்ந்ததற்கு!

பிறகு 1950. அந்த ஆண்டின் 30ஆம் சட்டம் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். 41ஆம் சட்டம் குரூப் ஏரியாஸ் சட்டம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதலாவது ஆளுக்கு இன முத்திரை குத்தியது, இரண்டாவது அந்த முத்திரைக்கு ஒரு தெருவைக் காட்டியது. சட்டம் வந்த அன்றே யாரையும் வெளியேற்றவில்லை. முதலில் எல்லா இடத்தையும் 'கட்டுப்பாட்டுப் பகுதி' ஆக்கி, வேற்று இனத்தாருக்கு விற்க, வாடகைக்கு விட பெர்மிட் வேண்டும் என்றது. அடுத்து விசாரணை, வரைபடம், ஆட்சேபம். கடைசியில் அரசிதழில் அறிவிக்கை. அறிவிக்கை வந்த நாளிலிருந்து காலி செய்யக் குறைந்தது ஒரு வருடம். அந்தப் பகுதிக்கு உரிய இனம் அல்லாதவருக்குச் சட்டம் வைத்த பெயர் 'தகுதியற்ற நபர்'. அந்த வீட்டிலேயே பிறந்து, அந்த முற்றத்திலேயே கல்யாணம் ஆனவராக இருந்தாலும் அறிவிக்கைக்கு மறுநாள் அவர் தகுதியற்ற நபர்தான்.

வரைபடம் போடுவதில் டர்பன் நகராட்சி பிரிட்டோரியாவில் இருந்த மத்திய அரசுக்காகக் காத்திருக்கவில்லை. தானே ஒரு தொழில்நுட்பத் துணைக்குழு அமைத்து 1951இலேயே நகரத்தை இனவாரியாகக் கூறுபோட்டது. அவர்களுடைய விதிகள் பொறியாளர் மூளைக்குப் பளிச்சென்று இருக்கும்: இரு இனப் பகுதிகளுக்கு நடுவே ஆறு, ரயில் பாதை, மலைச் சரிவு, தொழிற்பேட்டை என்று ஏதாவது ஒரு தடை வேண்டும், ஒரு இனத்தார் வேலைக்குப் போகும் வழி இன்னொரு இனத்தார் தெருவைத் தொடக்கூடாது. இன்றைக்கும் டர்பன் வரைபடத்தில் இது தெரியும். சாட்ஸ்வொர்த்தைப் பாருங்கள். வடக்கே உம்ஹ்லதுசானா ஆறு, அதற்கு அப்பால் வெள்ளையரின் குவீன்ஸ்பர்க். தெற்கே உம்லாஸ் ஆறு, அதற்கு அப்பால் ஆப்பிரிக்கரின் உம்லாஸி. நடுவில் இந்தியர்கள். இரண்டு பேருக்கும் நடுவே திண்டு மாதிரி வைக்கப்பட்ட ஊர் அது.

1958 ஜூன் 6 அன்று டர்பனுக்கான பெரிய அறிவிக்கைகள் வந்தன. இந்தியர்கள் தலைமுறைகளாகச் சொந்த நிலத்தில் இருந்த கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி ஆனது.

இனி அந்த மூன்றாவது தாள். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1955இல் குரூப் ஏரியாஸ் மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது, 69ஆம் எண். அதன் கீழ் ஒரு வாரியம். பின்னாளில் அதற்குச் 'சமூக மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள், கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று. அறிவிக்கையில் சிக்கிய ஒவ்வொரு சொத்துக்கும் இந்த வாரியம் ஒரு 'அடிப்படை மதிப்பு' நிர்ணயிக்கும். நிலத்தின் சந்தை விலை ஒரு பங்கு. கட்டடத்தைக் கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்தது இன்னொரு பங்கு. இரண்டையும் கூட்டினால் அடிப்படை மதிப்பு.

வீட்டை அதற்குக் குறைவாக விற்றால், குறைந்த தொகையில் 80 சதவீதத்தை வாரியம் தரும். அதிகமாக விற்றால், கூடுதலில் 50 சதவீதத்தை வாரியம் எடுத்துக்கொள்ளும். புரிவதற்காக ஒரு கணக்கு. அடிப்படை மதிப்பு 3,000 ராண்ட் என்று வையுங்கள். 2,000க்கு விற்றால் நட்டம் 1,000, வாரியம் 800 தரும், கைக்கு 2,800. 4,000க்கு விற்றால் கூடுதல் 1,000, அதில் 500 போய்விடும், கைக்கு 3,500. தாளில் பார்த்தால் நியாயம் மாதிரியே இருக்கும். அந்தக் காலத்து அமைச்சர்களும் இதைக் காட்டித்தான் 'ஈடு கொடுக்கிறோம்' என்றார்கள்.

ஓட்டை இருப்பது சூத்திரத்தில் அல்ல, அதற்குள் போகும் எண்களில். கேட்டோ மேனரில் நிறைய வீடுகள் மரச்சட்டமும் தகரமும். தேய்மானம் போட்டால் அந்தக் கட்டடத்தின் மதிப்பு கரைந்துவிடும். ஆனால் அதே குடும்பம் வேறிடத்தில் தலைக்கு மேல் கூரை போட இன்றைய விலைதான் கொடுத்தாக வேண்டும். கடை வைத்திருந்தவரின் வாடிக்கை கணக்கில் இல்லை. சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதன் லாபமும் இல்லை. சந்தை விலை என்கிறார்களே, அந்தச் சந்தையில் வாங்க அனுமதி பெற்றவர் ஒரே இனத்தார். அவர்களும் அவசரப்படவில்லை, காத்திருந்தால் விலை இறங்கும் என்று தெரியும். போதாததற்கு, முதலில் வாங்கும் உரிமை வாரியத்துக்கு. ஆள் பார்த்து விலை பேசி முடித்த பிறகு வாரியம் குறுக்கே வரலாம் என்றால் எவன் மெனக்கெட்டு வருவான்?

மறுமுனையில், இந்தியருக்கு என்று ஒதுக்கிய இடம் குறைவு, அதைத் தேடி வருபவர் ஆயிரக்கணக்கில். அங்கே மனை விலை ஏறியது. விற்கும் இடத்தில் ஆளில்லாமல் விலை சரிய, வாங்கும் இடத்தில் கூட்டத்தால் விலை ஏற, நடுவே நசுங்கியது வீட்டுக்காரர். இதைத் திட்டமிட்ட பக்கவிளைவு என்றுதான் நான் சொல்வேன். தெரியாமல் நடந்தது என்று நம்ப முடியவில்லை.

பத்திரம் வைத்திருந்தவருக்காவது இந்தக் கணக்கு. வாடகைக்கு இருந்தவருக்கு அதுவும் இல்லை. நகராட்சித் தொழிலாளர்கள், அதாவது பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், டர்பன் சோம்ட்சு சாலையில் மேகஸின் பேரக்ஸ் என்ற நகராட்சிக் குடியிருப்பில் தலைமுறைகளாக இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சாட்ஸ்வொர்த்துக்கு ஒரு லாரிப் பயணம்.

சாட்ஸ்வொர்த் 1964இல் திறந்தது. இந்தியச் சிறு விவசாயிகள் வாழை போட்டிருந்த நிலத்தைக் கையகப்படுத்தித்தான் அதையும் கட்டினார்கள். ஊருக்கு ஊர் பெயர் இருந்தும் ஆட்கள் இன்றும் 'யூனிட் 3', 'யூனிட் 7' என்றே பேசுவார்கள்; மொத்தம் 11 யூனிட். ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள், சின்ன அறைகள். மூன்று அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே முற்றத்தில் இருந்த கேட்டோ மேனர் வழக்கம் இந்த அறைகளுக்குள் நுழையவில்லை. விண்ணப்பப் படிவத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். ஆளுக்கொரு யூனிட்டில் வீடு கிடைத்தது. கூட்டுக் குடும்பம் ஏன் உடைந்தது என்று கலாச்சார மாநாடுகளில் பேசும்போது யாரும் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டுவதில்லை. வாடகையோடு பஸ் கட்டணமும் சேர்ந்தது தனிச் சுமை. அடுத்த பெரிய குடியிருப்பான ஃபீனிக்ஸுக்கு 1976இல் முதலில் போனவர்கள், உம்கேனி ஆற்றங்கரையில் 'டின் டவுன்' தகரக் குடிசைகளில் இருந்து வெள்ளம் அடித்துப் போனவர்கள்.

கோயில் மட்டும் நகரவில்லை. கேட்டோ மேனரின் அம்பலவாணர் ஆலயம் முதலில் 1875இல் உம்பிலோ ஆற்றோரம் எழுந்தது. 1905 வெள்ளம் அதைக் கொண்டுபோனது. 1947இல் பெல்லேர் சாலையில் மறுபடி எழுப்பினார்கள். கட்டிப் பத்து வருடம் கடந்ததும் சுற்றி இருந்த சனம் முழுக்க 'தகுதியற்ற நபர்' ஆகிவிட்டது. பிரிட்டோரியாவின் மரபஸ்டாடிலும் அதே காட்சி. ஏஷியாட்டிக் பஜாரில் இருந்தவர்கள் லாடியத்துக்குப் போனார்கள். மாரியம்மன் கோயில் கோபுரம் நின்ற இடத்தில் நிற்கிறது. திருவிழாவுக்கு ஆத்தாளைப் பார்க்க வெளியூர்க்காரர் மாதிரி வண்டி பிடித்து வர வேண்டியதானது.

நம்மவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு பக்கத்தைத் தவிர்க்கிறார்கள். கேட்டோ மேனர் இந்தியருக்கு மட்டும் ஊராக இருக்கவில்லை. ஆப்பிரிக்கர்களுக்கு அது உம்கும்பானே. இந்தியர் நிலத்தில் வாடகை கொடுத்துக் குடிசை போட்டு ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். நகரத்துக்குள் அவர்கள் நிலம் வாங்கவே முடியாது. நம்மவருக்கு இருந்த அந்த மெல்லிய உரிமைகூட அவர்களுக்கு இல்லை. 1949 ஜனவரிக் கலவரத்தில் அரசுக் கணக்குப்படி 142 பேர் செத்தார்கள்: 87 ஆப்பிரிக்கர், 50 இந்தியர், ஒரு வெள்ளையர், அடையாளம் தெரியாத 4 பேர். 'பார், இரண்டு இனமும் சேர்ந்து இருக்க முடியாது' என்று பிரிவினைக்காரர்கள் அதையே சாட்சியாக்கினார்கள். 1958 முதல் ஆப்பிரிக்கர்களைக் குவாமாஷுவுக்கும் உம்லாஸிக்கும் ஏற்றினார்கள். இத்தனையும் செய்து காலி செய்த நிலம் பல வருடம் புல் முளைத்துக் கிடந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நாடு முழுக்கப் பார்த்தால் 1984 இறுதிக்குள் இந்தச் சட்டத்தால் இடம் மாறியவை: கலப்பினத்தவர் குடும்பங்கள் சுமார் 83,000; இந்தியக் குடும்பங்கள் சுமார் 40,000; வெள்ளையர் குடும்பங்கள் சுமார் 2,400. எல்லா இனத்துக்கும் பொதுவான சட்டம் என்று பெயர்.

சட்டம் உடைய ஆரம்பித்தது ஜோஹன்னஸ்பர்க் மேஃபேர் பகுதி வாடகை வீடு ஒன்றில். கோவெண்டர் என்ற குடும்பப் பெயர் கொண்ட பெண்மணியின் வழக்கு அது. வெள்ளையர் பகுதியில் குடியிருந்தது குற்றம் என்று தீர்ப்பானது. ஆனால் 1982இல் மேல்முறையீட்டில் நீதிபதி கோல்ட்ஸ்டோன், குற்றம் நிரூபணமானால் தானாகவே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடக் கூடாது, போக வேறு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். இந்தியருக்கு ஒதுக்கிய பகுதிகளில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம் அது. அதன்பின் வெளியேற்றுவது அரசுக்கு லேசான வேலையாக இல்லை. 1991இல் 108ஆம் சட்டம் குரூப் ஏரியாஸ் உள்ளிட்ட இனவாரி நிலச் சட்டங்களை ரத்து செய்தது.

இப்போது தேடுவோருக்கு.

பழைய வீட்டைத் தேடும் பேரப்பிள்ளைகள் முதலில் கூகுள் வரைபடத்தில் தெருப் பெயரைத் தட்டிவிட்டு, இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். டர்பனில் தெருப் பெயர்கள் மாறிவிட்டன. பெல்லேர் சாலை இன்று வூஸி ம்ஸிமேலா சாலை, கேல் தெரு மக்வாஸா மபலாலா தெரு, கிரே தெரு டாக்டர் யூசுப் தாதூ தெரு. தெருப் பெயரைவிட மனையின் சட்ட விவரம்தான் முக்கியம்: எந்தப் பண்ணையின் எந்த உட்பிரிவு, எத்தனையாவது லாட். இது பழைய வரி ரசீதில் இருக்கும். அதை வைத்துப் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேட வேண்டும். ஆள் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் சறுக்கும்.

ஏன் சறுக்கும்? நம் கவுண்டர் அங்கே கோவெண்டர். முதலியார் மூட்லி. முனுசாமி ஒரு தாளில் முன்சாமி, அடுத்த தாளில் மூன்சாமி. அப்பா பெயர் ஒரு பதிவில் குடும்பப் பெயராகிவிடும். சில பழைய தாள்களில் பெயரோடு ஒப்பந்த எண்ணும் இருக்கும். இருந்தால் அதைப் பொன்போலக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத்து எப்படி மாறினாலும் எண் மாறாது. கப்பல் பட்டியலில் ஆளைப் பிடிக்க அதுவே வழி. இன்னொன்று: கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத கல்யாணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தாத்தா தாளில் 'மணமாகாதவர்' என்று இருக்கலாம். ஆள் மாறிவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள்.

மனை எண்ணும் மறைந்துபோகலாம். காலி செய்தபின் பல மனைகளை ஒன்றாக்கி மறுபடி வேறு மாதிரி வெட்டினார்கள். அப்போது சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தின் நில அளவை வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அளவு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். ஒரு பெர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீட்டர். ஆக 32 பெர்ச் மனை என்றால் கிட்டத்தட்ட 809 சதுர மீட்டர். டிரான்ஸ்வால் பத்திரமாக இருந்தால் மோர்கன் கணக்கு. ஒரு மோர்கன் சுமார் 0.86 ஹெக்டேர். பத்திரமே கிடைக்காவிட்டால் தாத்தாவின் இறப்புக்குப் பின் திறந்த சொத்துக் கோப்பை ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். வாரிசுகள் பெயர், சொத்து விவரம் இரண்டும் அதில் இருக்கும்.

இத்தனை சிரமம் எதற்கு என்றால், 1994இன் 22ஆம் சட்டம், நில உரிமை மீட்புச் சட்டம். 1913 ஜூன் 19க்குப் பிறகு இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர் 1998 டிசம்பர் 31க்குள் மனு போட வேண்டும் என்றது. ஏறத்தாழ 80,000 மனுக்கள் சேர்ந்தன. 2014இல் கதவை மறுபடி திறந்தார்கள். 2016 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. 2014க்குப் பின் போட்ட மனுக்கள் பழையவற்றின் பின்னால் வரிசையில் நிற்கின்றன.

உங்கள் வீட்டில் யாராவது மனு போட்டிருந்தால் இரண்டு விஷயம். வாடகைக்கு இருந்தோம், நமக்கென்ன உரிமை என்று ஒதுங்க வேண்டாம். பறிபோவதற்கு முன் தொடர்ந்து 10 வருடம் அனுபவத்தில் இருந்ததையும் சட்டம் நில உரிமையாகக் கணக்கில் எடுக்கிறது. அடுத்தது, அப்போதே நியாயமான ஈடு வாங்கியிருந்தால் இப்போது மீட்புக்கு உரிமை இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, எவ்வளவு மதிப்புப் போட்டார்கள், கைக்கு எவ்வளவு வந்தது என்பதை மதிப்புக் கடிதம்தான் சொல்லும். 2014இல் கேப் டவுன் ஃப்ளோரன்ஸ் குடும்ப வழக்கில், அன்றைய இழப்பை இன்றைய பணமாக்க நுகர்வோர் விலைக் குறியீட்டையே நீதிமன்றம் ஏற்றது. குடும்பம் கேட்ட வங்கி வட்டிக் கணக்கை ஏற்கவில்லை. ஆரம்பத் தொகை குறைவாக இருந்தால் குறியீட்டால் பெருக்கியும் குறைவாகத்தான் வரும். அதனால் அடிப்படை மதிப்பு ஏன் குறைவு என்று காட்டுவதில் உழைப்பைப் போடுங்கள்: அதே ஆண்டு, அதே தெரு, அறிவிக்கைக்கு முன் நடந்த விற்பனைகளின் பத்திர விலைகள்.

கடிதத்தைப் படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். பத்திரத்துக்கும் அப்படியே, கையகப்படுத்திய முத்திரையும் தேதியும் பல நேரம் பின்னால்தான் இருக்கும், சட்டம் போட்டு மாட்டியவர்கள் அட்டை வைத்து மறைத்திருப்பார்கள்.